உங்களுக்குத் தெரியுமா? ஜவ்வாது உயரத்தில் பனிச்சறுக்கு!

முதல் குளிர்கால ஒலிம்பிக் (1924) நடந்த பிரான்சின் சாமோனி, கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,035 மீட்டர் உயரம்தான். நம் ஜவ்வாது மலைச் சிகரங்கள் சில அதையும் மிஞ்சும்!

• சாமோனி 46° வட அட்சரேகையில். ஜவ்வாது 12½° அருகே. அதனால் இங்கே சாமை விளைகிறது, வெண்பனி பொழிவதில்லை.

• வெயிலுக்குப் பேர்போன சுவிஸ் பனிச்சறுக்கு ஊர் செயின்ட் மோரிட்ஸ்: 1,822 மீட்டர். கொடைக்கானல் அதைவிட உயரம்.

• எனக்குப் பெருவியப்பு நீலகிரியின் தொட்டபெட்டாதான்: 2,637 மீட்டர். காஷ்மீரின் குல்மார்க்கும் ஏறக்குறைய அவ்வளவே. அங்கே குளிர்காலத்தில் மேற்கிலிருந்து ஈரம் சுமந்து வரும் காற்று வெண்பனியைக் கொட்டுகிறது, மக்கள் சறுக்குகிறார்கள். நீலகிரியின் ஜனவரி இரவுகளோ வறண்டு தெளிந்தவை. புல்மேல் உறைபனி படியும், அவ்வளவுதான்.

• குல்மார்க் சரிவுகளில் பழகிய ஆரிஃப் கான், 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரர்.