கார் கை மாறியது. கடிதம் கை மாறவில்லை!

நம் தோட்டங்களில் இன்று லயத்துக்கு லயம் ஒரு பழைய கார் நிற்கிறது. ஆடம்பரத்துக்கு வாங்கியது அல்ல. பல தோட்டங்களில் ஆஸ்பத்திரியை மூடியாகிவிட்டது. பஸ் உள்ளே வருவதில்லை. பட்டணத்துக்குப் போக வேறு வழி இல்லை. சீட்டுப் போட்டு, சங்கிலியை அடகு வைத்து, யாரோ ஓட்டித் தள்ளிய காரை ஐயாயிரத்துக்கோ ஆறாயிரத்துக்கோ வாங்குகிறோம். எஞ்சினைப் பார்க்கிறோம், டயரைத் தட்டிப் பார்க்கிறோம், ஏர்கோன் குளிர்கிறதா என்று கேட்கிறோம். ஸ்டீயரிங்குக்குள் மடித்து வைத்திருக்கும் காற்றுப்பையை யார் நினைத்துப் பார்க்கிறோம்?

நாமும் நினைத்துப் பார்த்ததில்லைதான். பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போனபோது, ஒரு குடும்பத்தார் நம்மை உட்கார வைத்துச் சொன்ன கதைதான் நம்மை விழிக்க வைத்தது.

அவர் அந்தத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறார். மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் பட்டணத்துக்குப் போய் இரத்தச் சுத்திகரிப்புச் செய்தாக வேண்டும். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். விடியற்காலை இருட்டோடு புறப்பட்டால்தான் மெஷினில் இடம் கிடைக்கும். இதற்காகவே 6,500 வெள்ளிக்கு ஒரு பழைய கார் வாங்கினார். வாங்கி ஏழு வருஷம் ஆகிறது.

சென்ற ஆண்டு, காரை விற்ற ஆள் பட்டணத்தில் எதிர்ப்பட்டாராம். "அண்ணே, உங்க காருக்கு ஒரு கடுதாசி வந்துச்சு, வீட்ல கெடக்கு" என்றாராம். போய் வாங்கி வந்தார். அதில் போட்டிருந்த தேதியைப் பார்த்தால் மூன்று வருஷத்துக்கு முந்தியது! ஐந்தாம் படிவம் படிக்கும் மகள் படித்துச் சொன்னாள்: "அப்பா, ஏர்பேக்ல கோளாறாம். வெடிச்சா உள்ளேயிருந்து இரும்புத் துண்டு வருமாம். காசு இல்லாம மாத்தித் தருவாங்களாம்."

வேலைக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு சர்விஸ் சென்டருக்குப் போனார். "சாமான் இன்னும் வரல. நம்பர் கொடுத்துட்டுப் போங்க, கூப்பிடுறோம்" என்றார்கள். கொடுத்தார். ஒரு மாதம் போயிற்று. இரண்டு மாதம் போயிற்று. எட்டு மாதமாகியும் யாரும் கூப்பிடவில்லை.

"நீங்களே சொல்லுங்க தம்பி," என்றார் அந்த அம்மா. "கால் வீக்கம், பின்னால ஏறி உக்கார முடியல. முன்னாடிதான் உக்கார்றேன். மெஷினுக்குப் போனா உயிர் நிக்கும்னு போறேன். போற கார்லயே எமன் உக்காந்திருந்தா என்ன பண்றது?"

நம்மிடம் உடனே பதில் இல்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

உரமூட்டையும் காற்றுப்பையும்

கார் மோதியதும் கண் இமைக்கும் முன்னே காற்றுப்பை விரிந்து தலையையும் நெஞ்சையும் தாங்குகிறது. அந்தப் பையை ஊத வைப்பது உள்ளே இருக்கும் ஒரு சின்ன உலோகக் கலம். அதை இன்ஃபிளேட்டர் என்கிறார்கள். அதற்குள் ஒரு மருந்து வில்லை வில்லையாக அடுக்கியிருக்கும். மோதியதும் மருந்து எரிந்து வாயுவாகிப் பையை நிரப்பும்.

ஜப்பானின் தக்காத்தா கம்பெனி தன் கலங்களில் போட்ட மருந்து அம்மோனியம் நைட்ரேட். பெயர் பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். உரத்திலும் சேர்க்கிற சரக்குதான் அது. கல் மலையில் வெடி வைக்கவும் அதுதான். உரம் போடுகிற நம் பெண்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். ஸ்டோரில் மூட்டை வாய் திறந்து கிடந்தால் உரம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கட்டி பிடிக்கும், பிறகு முன்போல இருக்காது.

கலத்துக்குள்ளும் நடப்பது அதுதான். பகல் வெயிலில் கார் சூடாகிறது, இரவில் குளிர்கிறது, காற்றில் எப்போதும் ஈரம். வருஷக்கணக்கில் இப்படி நடந்தால் மருந்து வில்லைகள் ஊதிப் பொறுபொறுத்துப் போகின்றன. அப்புறம் மோதல் நடக்கும்போது மருந்து எரிகிற வேகம் எல்லை மீறுகிறது. கலம் தாங்காமல் உடைகிறது. பையைக் கிழித்துக்கொண்டு உலோகத் துண்டுகள் முகத்தையும் கழுத்தையும் நோக்கிப் பாய்கின்றன. காப்பாற்ற வைத்த சாமானே ஆளைக் கொல்லும் குண்டாகிவிடுகிறது!

மருந்துப் போத்தலுக்குள் ஈரம் இழுக்க ஒரு சின்னப் பொட்டலம் போட்டிருப்பார்களே, அது போன்ற ஒன்றைக்கூடப் பழைய கலங்கள் பலவற்றில் போடவில்லை. வருஷம் பூராவும் வெயிலும் மழையுமாக இருக்கும் நம் நாட்டில் இந்தச் சாமான் எப்படி இருக்கும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2014ஆம் ஆண்டு ஜூலையில் சரவாக் மாநிலம் சிபுவில் ஒரு விபத்து நடந்தது. 2003ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஹோண்டா சிட்டி கார். ஓட்டிச் சென்றவர் ஒரு கர்ப்பிணிப் பெண். காற்றுப்பையிலிருந்து பாய்ந்த உலோகத் துண்டு கழுத்தில் ஏறி அவர் இறந்தார். வயிற்றிலிருந்த குழந்தையும் பிழைக்கவில்லை. அமெரிக்காவுக்கு வெளியே இந்தக் கோளாறுக்குப் பலியான முதல் உயிர் அது. 2016இலும் அதன் பின்னும் நம் நாட்டிலேயே மேலும் சிலர் இறந்தார்கள். அமெரிக்காவில் மட்டும் இறந்தோர் 25 பேருக்கு மேல். காயப்பட்டோர் குறைந்தது 400 பேர்.

ஏன் இத்தனை தாமதம்?

இந்தக் கோளாறுக்காக முதன்முதலில் கார்களைத் திரும்ப அழைத்தது 2008இல். அப்போது சில ஆயிரம் கார்கள்தான். தோண்டத் தோண்டப் பூதம் கிளம்பிய கதையாக, ஹோண்டா, டொயோட்டா, நிசான், மாஸ்டா, பிஎம்டபிள்யூ, ஃபோர்ட் என்று பல கம்பெனிகளின் கார்களும் பட்டியலில் சேர்ந்தன. உலகம் முழுவதும் சுமார் 10 கோடி கலங்களை மாற்ற வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் பங்கு மட்டும் ஏறக்குறைய 6 கோடியே 70 லட்சம்.

இத்தனை கோடிச் சாமானை ஒரே மூச்சில் எந்தத் தொழிற்சாலையும் செய்ய முடியாது. தக்காத்தாவால் முடியாமல் ஆட்டோலிவ், டைசெல் போன்ற வேறு கம்பெனிகளிடம் போனார்கள். அமெரிக்க அரசாங்கம் 2015இல் ஒரு முறை வகுத்தது: பழைய கார்களுக்கும், புளோரிடா போன்ற வெக்கையும் ஈரமும் உள்ள மாநிலங்களுக்கும் முதலிடம். 2017இல் தக்காத்தா அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. சோதனை முடிவுகளை மறைத்தார்கள் என்பதுதான் வழக்கு. 100 கோடி டாலர் கட்ட உத்தரவாயிற்று. அந்த ஆண்டு ஜூனிலேயே கம்பெனி திவாலாகிவிட்டது.

ஆரம்ப வருஷங்களில் சாமான் இல்லை என்றது உண்மைதான். ஆனால் இத்தனை வருஷம் கழித்தும் மாற்றாத கார்கள் ஓடிக்கொண்டிருப்பதற்குச் சாமான் தட்டுப்பாடு மட்டும் காரணம் அல்ல. இன்னொரு காரணம், கடிதம் போய்ச் சேருவதில்லை. புதுக் கார் வாங்கியவருக்கு வீடு உண்டு, விலாசம் உண்டு, கம்பெனி ஏட்டில் பெயர் உண்டு. அவர் விற்று, இன்னொருவர் வாங்கி, மூன்றாவது கையாக நம் லயத்துக்கு வரும்போது கார்தான் வருகிறது. கடிதம் பழைய விலாசத்திலேயே நின்றுவிடுகிறது. கார் எவ்வளவு பழையதோ அவ்வளவு ஆபத்து. எவ்வளவு பழையதோ அவ்வளவு ஏழைக் கைக்கு வருகிறது. இதுதான் நம் வயிற்றெரிச்சல்.

எட்டு மாத மர்மம்

டிராக்டர்காரர் கதைக்கு வருவோம். மறு வாரம் நாமும் அவரோடு அதே சர்விஸ் சென்டருக்குப் போனோம். கார் கிராண்டைக் கொடுத்து, "சேசிஸ் நம்பரை இப்பவே தட்டிப் பாருங்க" என்று கேட்டோம். அந்தப் பெண் கம்ப்யூட்டரில் பார்த்தார். மாற்ற வேண்டியது பயணி உட்காரும் பக்கத்துக் காற்றுப்பை. ஆமாம், அந்த அம்மா உட்காரும் இடம்!

"சாமான் வந்திருக்கே! நாங்க மூணு தடவை கூப்பிட்டோமே" என்றார். எந்த நம்பருக்கு என்று கேட்டோம். படித்துக் காட்டினார். அது காரை முதன்முதலில் புதிதாக வாங்கியவரின் நம்பர். நம்மவர் கொடுத்த நம்பர் ஏதோ ஒரு துண்டுக் காகிதத்தில் போய்விட்டது. ஏட்டில் ஏறவே இல்லை.

அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டார். நம்பரை நம் கண் முன்னால் மாற்றினார். பத்து நாளில் தேதி கிடைத்தது. அந்தப் பத்து நாளும் முன் ஸீட்டைக் காலியாக வைத்தார்கள். மகள் துணைக்கு வந்து, பின் ஸீட்டில் தலையணை அடுக்கி, அம்மாவின் காலைத் தூக்கி வைத்து அழைத்துப் போனாள். குறித்த நாளில் காலையில் விட்ட கார் மதியத்துக்குள் கைக்கு வந்தது. ஒரு காசு வாங்கவில்லை.

"எட்டு மாசம் சாமி மேல பாரத்தைப் போட்டு ஓட்டினேன் தம்பி. சாமான் அங்கேயே இருந்திருக்கு," என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் நமக்கு இன்னும் வலித்தது.

நாம் செய்ய வேண்டியது

முதலாவது, கடிதத்துக்குக் காத்திருக்காதீர்கள். கார் கிராண்டில் சேசிஸ் நம்பர் இருக்கிறது. எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான நம்பர். அதை எடுத்துக்கொண்டு அந்தக் கார் கம்பெனியின் அதிகாரபூர்வ சர்விஸ் சென்டருக்குப் போங்கள். போக முடியாவிட்டால் பிள்ளைகளை விட்டுப் போன் போடுங்கள். கம்பெனியின் இணையத்தளத்தில் தட்டியும் பார்க்கலாம்.

இரண்டாவது, இந்த வேலைக்குக் காசு கிடையாது. எத்தனாவது கையாக வாங்கியிருந்தாலும் சரி, சர்விஸை வெளியில் செய்திருந்தாலும் சரி, கம்பெனிதான் மாற்றித் தர வேண்டும். "பழைய கார், கேட்டா ஏசுவாங்க" என்று கூச்சப்படாதீர்கள்.

மூன்றாவது, பெயர், விலாசம், போன் நம்பரை அவர்கள் ஏட்டில் ஏற்றச் சொல்லி, ஏறியதைக் கண்ணால் பாருங்கள். சாமான் இல்லை என்றால் வந்துபோன தேதியையும் எப்போது வரும் என்பதையும் எழுதி வாங்குங்கள். பேசிய ஆளின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் கம்பெனித் தலைமையகத்துக்கும், சாலைப் போக்குவரத்து இலாகாவுக்கும் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்பை நாடலாம்.

நான்காவது, மாற்றும் வரை கவனம். கோளாறு பயணி பக்கம் என்றால் அந்த ஸீட்டில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். ஓட்டுநர் பக்கம் என்றால், இந்தக் காரை ஓட்டலாமா கூடாதா என்று கம்பெனியிடம் நேராகக் கேளுங்கள். அமெரிக்காவில் 2001 முதல் 2003 வரையிலான சில ஹோண்டா கார்களை ஓட்டவே வேண்டாம் என்று 2016இல் அரசாங்கமே சொன்னது. மோதினால் பாதிக்குப் பாதி வெடிக்கும் அபாயம் அவற்றில் இருந்தது.

ஐந்தாவது, ஸ்டீயரிங்கை நீங்களே கழற்றாதீர்கள். பொத்தோங் கடையில் நூறு வெள்ளிக்குக் கிடைக்கிறது என்று வேறொரு பழைய காற்றுப்பையை வாங்கி மாட்டாதீர்கள். அதற்குள்ளும் அதே கலம் இருக்கலாம். டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரியவில்லையே என்று நிம்மதி அடையவும் வேண்டாம். மருந்து கெட்டிருப்பதை அந்த விளக்கு காட்டாது. முன்பே ஒரு தடவை மாற்றிய கார் என்றாலும் மறுபடி கேளுங்கள். முதலில் மாற்றிய கலங்களில் சில அதே ரகமாக இருந்ததால் பல நாடுகளில் இரண்டாம் முறை மாற்றினார்கள்.

பயந்துபோய்ப் பெல்ட்டை விட்டுவிடாதீர்கள். நல்ல காற்றுப்பை உயிர் காக்கும் சாமான்தான். பெல்ட் போட்டு, ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு சாணுக்கு மேலாவது தள்ளி உட்காருங்கள். பிள்ளைகளை மடியில் வைத்து முன்னால் உட்காரும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது எந்தக் காரிலும் ஆபத்து. பிள்ளைகளின் இடம் பின் ஸீட்.

கடைசியாக ஒன்று. அந்த ஐந்தாம் படிவத்து மகள் சும்மா இருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூஜை முடிந்ததும் நோட்டும் பேனாவுமாக லயம் லயமாக நடந்தாள். கார் வைத்திருக்கும் வீடுகளில் கிராண்டைக் கேட்டு வாங்கி நம்பரை எழுதினாள். சாயங்காலம் கைப்பேசியில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். இன்னும் இரண்டு கார்களுக்கு வேலை பாக்கி இருந்தது. ஒன்றில் தினம் நாலு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். இரண்டு வீட்டுக்கும் கடிதம் வந்ததே இல்லை.

உங்கள் தோட்டத்திலும் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். இளைஞர் மன்றம் இருக்கிறது, சங்கத் தலைவர் இருக்கிறார். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். கடிதம் நம் லயத்தைத் தேடி வராது. நம்பரை எடுத்துக்கொண்டு நாம்தான் போக வேண்டும்.