மாணவர் வாக்கினால் மீண்ட விளையாட்டு

மட்டக்களப்பு வெபர் மைதானத்தை அறியாத விளையாட்டு இரசிகர் கிழக்கில் இருக்க முடியாது. அப்பெயருக்குரிய வெபர் அடிகளாரும், புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்தாட்ட அணிகளைப் பயிற்றுவித்த ஹேபர் அடிகளாரும் அமெரிக்காவிலுள்ள நியூ ஓர்லியன்ஸ் யேசு சபை மாகாணத்திலிருந்து வந்தவர்கள். அதே சபையினர் நியூ ஓர்லியன்ஸ் நகரில் நிறுவிய லொயோலா பல்கலைக்கழகத்தின் விளையாட்டு வரலாற்றை எம்மவரில் அறிந்தோர் சிலரே.

1912இல் பல்கலைக்கழகமாக அங்கீகாரம் பெற்ற இந்நிறுவனம், இன்றும் சில ஆயிரம் மாணவர்களை மாத்திரமே கொண்டது. இதன் அணிகள் 'ஓநாய்க் கூட்டம்' என அழைக்கப்படுகின்றன. புனித இஞ்ஞாசியாரின் குடும்பச் சின்னத்தில் ஒரு பானையும் அதன் இருபுறமும் இரு ஓநாய்களும் காணப்படுகின்றன. ஓநாய்க்கும் உணவு மிஞ்சும் அளவுக்கு விருந்தோம்பிய இல்லம் என்பது அதற்குக் கூறப்படும் பொருள். விளையாட்டு அணிக்கு இதைவிட இனிய பெயர் வாய்ப்பது அரிது.

1932 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 4x100 மீற்றர் அஞ்சலோட்டத்தில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் லொயோலா மாணவரான எம்மெற் ரொப்பினோ இடம்பெற்றிருந்தார். 1945இல் கூடைப்பந்தாட்ட அணி தேசிய சம்பியனாகியது. ஆயினும் நிதி நெருக்கடி காரணமாக 1972இல் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான விளையாட்டுகள் அனைத்தையும் நிர்வாகம் கைவிட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அணிகளே இருக்கவில்லை. அவற்றை மீட்டவர்கள் மாணவர்களே. அதற்கென மேலதிகக் கட்டணம் செலுத்தத் தாமே முன்வந்து வாக்களித்ததன் பயனாக, 1991இல் அணிகள் மீண்டும் களமிறங்கின. பரீட்சை நெருங்கினால் மைதானத்தை முதலில் மூடும் எமது பாடசாலைகள் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

அமெரிக்காவின் பெரும் பல்கலைக்கழகங்களில் விளையாட்டு இன்று பெருவணிகமாகிவிட்டது. 2025 ஜூனில் நீதிமன்றம் அங்கீகரித்த இணக்கத் தீர்வின் மூலம், வீரர்களுக்கு நேரடியாகவே பணம் வழங்கவும் அவற்றுக்கு வழி திறந்துள்ளது. சிறு நிறுவனங்கள் பெருமளவில் அங்கம் வகிக்கும் வேறொரு சங்கத்திலேயே லொயோலா போட்டியிடுகின்றது. அதன் உள்ளரங்கு ஒரு வாகனத் தரிப்பிடக் கட்டடத்தின் மேல்மாடியில் அமைந்துள்ளது. 2021 ஓகஸ்டில் வீசிய ஐடா சூறாவளியால் நகரை விட்டு இடம்பெயர நேர்ந்த கூடைப்பந்தாட்ட அணி, அதே பருவகாலத்தில், 2022 மார்ச்சில், அச்சங்கத்தின் தேசியக் கிண்ணத்தை வென்றது. முதல் வெற்றிக்கும் இதற்கும் இடையில் 77 ஆண்டுகள்.

விளையாட்டும் கல்வியின் ஒரு கூறு என்ற யேசு சபையினரின் நம்பிக்கையே கிழக்கிற்கும் வந்தது. பந்தும் வளையமும் அதன் அடையாளங்களாயின. ஹேபர் அடிகளார் தமது வாழ்நாளின் பெரும்பகுதியை எமது மண்ணிலேயே செலவிட்டார். தமிழரும் முஸ்லிம்களும் குருதி சிந்திய 1990 ஓகஸ்டில், அம்மாதம் 15ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் தமது சாரதியுடன் அவர் காணாமற்போனார். இருவரும் திரும்பி வரவேயில்லை.