குட்டை நிறைய மீன்... தராசில் எடை இல்லை! கம்பம் பள்ளத்தாக்கில் ஜிலேபிப் பெருக்கத்தை அடக்குவது எப்படி?

பண்ணைக்குட்டையில் மீன் விட்டவர்கள் இரண்டாம் ஆண்டில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். 'அரிசித் தவிடு போட்டால் தண்ணீர் தெரியாத அளவுக்கு மீன் மொய்க்கிறது. வலை வீசினால் கை கொள்ளாமல் வருகிறது. ஆனால், ஒன்றுகூட உள்ளங்கையைத் தாண்டவில்லை. வியாபாரி வந்து பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார். தீவனம் போதவில்லையா? நோயா?'

இரண்டும் இல்லை. மீன் அதிகமாகிவிட்டது, அவ்வளவுதான். அந்த மீனை வலையிலிருந்து எடுத்துப் பார்த்தால், பத்துக்கு ஒன்பது ஜிலேபிக் கெண்டையாக இருக்கும்.

கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் பக்கம் திராட்சைக்கும் வாழைக்கும் சொட்டுநீர் பாய்ச்ச வெட்டிய குட்டைகள், ஆண்டிபட்டி, போடி பக்கம் மானாவாரி நிலத்தில் மழைநீருக்காக வெட்டிய குட்டைகள் எனத் தேனி மாவட்டத்தில் குட்டைகளுக்குக் குறைவில்லை. தண்ணீர் நிற்கிறது, நாலு மீனை விட்டால் வீட்டுச் செலவுக்கு ஆகுமே என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் எந்த மீனை, எத்தனை விடுகிறோம் என்பதில் தவறினால், குஞ்சுக்கும் தீவனத்துக்கும் போட்ட காசு அப்படியே தண்ணீருக்குள் போய்விடும்.

ஒரு எளிய கணக்கு

மாட்டுக்கு மேய்ச்சல் நிலம் எப்படியோ, மீனுக்குக் குட்டை அப்படி. 25 சென்ட், அதாவது சுமார் 1,000 சதுர மீட்டர் குட்டை ஒன்று, போடுகிற எருவுக்கும் தவிடுக்கும் 200 கிலோ மீனைத் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். அதில் 500 மீன் இருந்தால் ஒவ்வொன்றும் 400 கிராம். அதே குட்டையில் 8,000 மீன் இருந்தால் ஒவ்வொன்றும் 25 கிராம். குட்டையைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். சந்தையைப் பொறுத்தவரை முதலாவது மீன், இரண்டாவது வாத்துத் தீவனம்.

அந்த 8,000 யாரும் காசு கொடுத்து விட்டதல்ல. ஜிலேபி தானாகப் பெருக்கியது. நாட்டில் பரவியுள்ள மொசாம்பிக் ஜிலேபி, குட்டையில் இரண்டு மூன்று மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். ஆண் மீன் கரையோர ஆழமில்லாத பகுதியில் கிண்ணம் போல் குழி பறிக்கும். தண்ணீர் வற்றும்போது கரை ஓரத்தில் வரிசையாகத் தெரியும் வட்டக் குழிகள் இவைதான். பெண் மீன் முட்டையிட்டு, உடனே அதை வாயில் அள்ளிக்கொள்ளும். குஞ்சு பொரித்த பிறகும் வாயிலேயே வைத்துக் காக்கும். வெளியே விட்ட குஞ்சுகளுக்கு ஆபத்து வந்தால் மறுபடியும் வாய்க்குள் இழுத்துக்கொள்ளும். வேறு மீன்கள் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுப் பெரும்பகுதியை இழக்கின்றன. ஜிலேபி நூற்றுக்கணக்கில்தான் இடும், ஆனால் பெரும்பாலானதைப் பிழைக்க வைத்துவிடும். வெப்பமான நம் ஊரில் ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்யும். 10 பெண் மீன், ஈற்றுக்கு 200 குஞ்சு, ஆண்டுக்கு 6 ஈற்று என்றாலே 12,000.

குஞ்சை வாயில் வைத்திருக்கும் நாள்களில் பெண் மீன் இரை எடுப்பதில்லை. பெண் ஜிலேபி எப்போதும் சிறுத்தே இருப்பதற்கு இது ஒரு காரணம். இரை பற்றாக்குறையானால் இந்த மீன் இனப்பெருக்கத்தை நிறுத்தாது. வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, இன்னும் சிறிய வயதிலேயே முட்டையிடத் தொடங்கும். அதனால்தான் விரல் நீள மீனின் வாயில்கூட முட்டை இருக்கிறது.

1952-ல் வந்த விருந்தாளி

ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் 1952-ல் இந்தியாவுக்குள் வந்தது. ஏழைகளுக்கு மலிவான புரதம் கிடைக்கும் என்ற நல்லெண்ணத்தில்தான் கொண்டுவந்தார்கள். முதலில் வந்து இறங்கிய இடங்களில் நம் மண்டபமும் ஒன்று. சில ஆண்டுகளிலேயே இதன் குணம் தெரிந்து, 1959-ல் இதைப் பரப்பத் தடை போட்டார்கள். அதற்குள் குளம், கண்மாய், அணை என எங்கும் போய்விட்டது. அந்த 1959-ல்தான் வைகை அணையும் திறக்கப்பட்டது. இன்று வைகை அணை மீன் என்றால் கட்லா, ரோகுவோடு ஜிலேபியும் சேர்ந்தேதான் வரும்.

இது நமக்கு மட்டும் வந்த தலைவலி இல்லை. அமெரிக்க விவசாயிகள் தங்கள் குட்டைகளில் 'கிராப்பி' என்றொரு மீனை விரும்பி விடுவார்கள். சில ஆண்டுகளில் அதுவும் குட்டையை நிரப்பிக்கொண்டு விரல் அளவிலேயே நின்றுவிடும். அதனால் சிறிய குட்டைக்குக் கிராப்பி வேண்டாம் என்றே அங்குள்ள அலுவலர்கள் சொல்கிறார்கள். அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் நகரில் ஹோமர் ஸ்விங்கிள் என்ற ஆய்வாளர் பல குட்டைகளில் மீன்களை எடை போட்டுப் பார்த்து, 1950-ல் ஒரு கணக்கு வெளியிட்டார். குட்டையில் உள்ள மொத்த மீன் எடையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது பிடித்துச் சமைக்கும் அளவுள்ள மீனாக இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் அந்தக் குட்டை சமநிலை இழந்துவிட்டது. மீன் வேறு, நாடு வேறு என்றாலும் இந்த அளவுகோல் நம் குட்டைக்கும் உதவும்.

சோதிப்பது எளிது. மாதம் ஒருமுறை, காலை வெயில் ஏறுவதற்குள், குட்டையின் மூன்று மூலைகளில் வீச்சு வலை வீசுங்கள். வந்த மீனைப் பெரிது, சிறிது எனப் பிரித்துத் தனித்தனியே எடை போடுங்கள். பெரிய மீன் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, தலை பெருத்து உடல் ஒட்டியிருக்கிறது, சிறிய மீனின் வாயிலும் முட்டை தெரிகிறது என்றால், அதற்கு மேல் போடும் ஒவ்வொரு மூட்டைத் தீவனமும் வீண். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் நிலைமை இன்னும் மோசம். பிராணவாயுவுக்கே தட்டுப்பாடு வந்துவிட்டது என்று அர்த்தம். கோடையில் ஒரே இரவில் மொத்த மீனும் மிதக்கலாம்.

முதல் வேலை: குட்டையைக் காலி செய்வது

சிறுத்துப்போன கூட்டத்தில் வலை போட்டுக் கொஞ்சம் குறைப்பதால் பயன் இல்லை. மிச்சம் இருப்பது இரண்டு மாதத்தில் அந்த இடத்தை நிரப்பிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் குறையும்போது முழுவதும் இறைத்துவிடுவதுதான் சரி. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் வரும். அதற்கு முந்தைய ஒரு மாதம் இந்த வேலைக்குத் தோதானது. இறைக்கும் தண்ணீரைத் தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்சலாம். வாய்க்காலில் திறந்துவிடக் கூடாது. மீன் குஞ்சும் அதோடு போய்விடும்.

மண் குட்டையாக இருந்தால் அடிமண் வெடிக்கும்வரை காய வேண்டும். ஒரு முழம் அகலச் சேற்றுப் பள்ளத்தில்கூட ஜிலேபி உயிரோடு கிடக்கும். காயவைக்க முடியாத குட்டைக்கும், தார்ப்பாய் விரித்த குட்டைக்கும் இலுப்பைப் பிண்ணாக்கு இருக்கிறது. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு எக்டருக்கு 2,500 கிலோ என்பது அளவு. 25 சென்ட் குட்டைக்கு 250 கிலோ. தண்ணீரை அரை மீட்டருக்கு இறைத்துவிட்டால் 125 கிலோ போதும், செலவும் பாதியாகும். பிண்ணாக்கை முதல்நாளே ஊறவைத்துக் கரைத்து, குட்டை முழுவதும் சீராகத் தெளிக்க வேண்டும். அதிலுள்ள சப்போனின் மீனின் இரத்த அணுக்களை உடைத்துவிடும். இப்படிச் சாகும் மீனை உடனே எடுத்தால் சமைத்துச் சாப்பிடலாம். மூன்று வாரத்தில் வீரியம் குறைந்து, பிண்ணாக்கு குட்டைக்கே எருவாகிவிடும். அதன் பிறகுதான் புதுக் குஞ்சு விட வேண்டும். பூச்சிமருந்தைக் கரைத்து மீனைக் கொல்லும் பழக்கம் அங்கங்கே இருக்கிறது. அது மண்ணிலும் தண்ணீரிலும் தங்கி, அந்தக் குட்டையில் குடிக்கும் ஆடு மாட்டையும் பிடித்த மீனைச் சாப்பிடும் குழந்தையையும் பாதிக்கும். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பிடித்த பொடி மீன் வீணாக வேண்டியதில்லை. சம எடை நாட்டுச் சர்க்கரையோடு கலந்து மூடிவைத்தால் மூன்று நான்கு வாரத்தில் மீன் அமிலம் தயார். 10 லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 மில்லி கலந்து தெளிக்கலாம். 8,000 பொடி மீன் ஒரு ஏக்கர் திராட்சைக்குப் போகப் போக மிஞ்சும்.

மறுபடி எதை விடுவது?

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் தேங்கிய தண்ணீரில் இனப்பெருக்கம் செய்வதில்லை. மழைக்காலத்தில் பெருகி ஓடும் ஆற்றில்தான் முட்டையிடும். ஒடிசாவில் 1957 ஜூலை 10-ம் தேதி ஹீராலால் சவுத்ரி ஊசி போட்டு இவற்றை முட்டையிட வைத்த பிறகுதான் குஞ்சுகள் பண்ணையில் கிடைக்கத் தொடங்கின. ஜூலை 10-ஐ மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுவது அதனால்தான். ஆக, இந்த மூன்றையும் விட்டால் எண்ணிக்கை நம் கையில் இருக்கும். 25 சென்ட்டுக்கு 500 விரலி தாராளம். குஞ்சு மலிவாகக் கிடைக்கிறதே என்று 2,000 வாங்கி விட்டால், ஜிலேபி செய்த வேலையை நாமே செய்ததாகிவிடும். சாதாக் கெண்டை மட்டும் விதிவிலக்கு. தண்ணீர்ச் செடியில் முட்டையை ஒட்டவைத்துக் குட்டையிலேயே பெருகும்.

ஜிலேபிதான் வேண்டும், அதுதான் இங்கே விலை போகிறது என்பவர்களுக்குக் 'கிஃப்ட்' ஜிலேபி இருக்கிறது. 1988-ல் பிலிப்பைன்சில் தொடங்கிய தேர்வு முறையில் உருவான, வேகமாக வளரும் ரகம் இது. குஞ்சுப் பருவத்தில் ஹார்மோன் கலந்த தீவனம் கொடுத்து, ஏறக்குறைய எல்லாவற்றையும் ஆணாக்கித் தருகிறார்கள். தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகம் கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூரில் இதற்கான பொரிப்பகம் வைத்திருக்கிறது. 'ஏறக்குறைய' என்ற சொல்லைக் கவனியுங்கள். நூற்றில் இரண்டு மூன்று பெண் கலந்துவிட்டாலும் கதை மீண்டும் தொடங்கும். 30 கிராம் எடை வந்ததும் ஒரு கூடை மீனைப் பிடித்து அடிவயிற்றைத் திருப்பிப் பாருங்கள். ஆணுக்கு இரண்டு துவாரம், பெண்ணுக்கு மூன்று. ஒரு துளி மை தடவினால் தெளிவாகத் தெரியும். பெண்ணாக இருப்பதைக் குழம்புக்கு அனுப்பிவிடலாம். நாட்டு ஜிலேபிக் குஞ்சை 'கிஃப்ட்' என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. அதனால் அரசு அல்லது பதிவு பெற்ற பொரிப்பகத்தில் ரசீதோடு வாங்குவது நல்லது. இந்த மீனை வளர்க்க மீன்வளத் துறையின் அனுமதி வேண்டும். கண்மாய்க்கோ ஆற்றுக்கோ தப்பாத இடமாகவும் இருக்க வேண்டும்.

மீறிப் பிறக்கும் குஞ்சுகளைக் கவனிக்க விரால் இருக்கிறது. 500 ஜிலேபிக்கு 25 விரால் குஞ்சு போதும். ஆனால் வரிசை முக்கியம். ஜிலேபி உள்ளங்கை அளவு வந்த பிறகு, அதைவிடச் சிறிய விராலை விட வேண்டும். முன்னதாக விட்டால் காசு கொடுத்து வாங்கிய குஞ்சையே அது தின்றுவிடும். கெண்டை வகைகளோடு விடுவதானாலும் அவை 100 கிராம் தாண்டியிருக்க வேண்டும். மழை இரவில் விரால் கரையேறி நடந்தே போய்விடும் என்பதால் சுற்றிலும் முழங்கால் உயரத்துக்கு வலை கட்டுங்கள். கடைசியில் அந்த 25 விராலுக்குக் கிடைக்கும் விலை ஜிலேபி விலையைவிட நன்றாகவே இருக்கும். விராலுக்குப் பதில் ஆப்பிரிக்கக் கெளுத்தியை விடலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அதற்கு 2000-ம் ஆண்டிலிருந்தே தடை இருக்கிறது.

இவ்வளவும் செய்து, வாய்க்கால் தண்ணீரை வடிகட்டாமல் விட்டால் பலன் இல்லை. முல்லைப்பெரியாறோ 18-ம் கால்வாயோ, எங்கிருந்து வந்தாலும் அந்தத் தண்ணீரோடு ஜிலேபிக் குஞ்சும் வரும். குழாய் வாயில் கொசுவலை நெருக்கமுள்ள நைலான் துணியை இரண்டடுக்காகப் பைபோல் கட்டி, வாரம் ஒருமுறை கழுவுங்கள். போர் தண்ணீருக்கு இந்தக் கவலை இல்லை. வடிகாலுக்கும் அதே வலை வேண்டும். மேலே தேக்கடியில் பெரியாற்று ஏரியிலேயே சாதாக் கெண்டையும் ஜிலேபியும் புகுந்து, அந்த ஏரியிலும் ஓடைகளிலும் மட்டுமே வாழும் மீன்களுக்குப் போட்டியாகிவிட்டன. மிஞ்சிய குஞ்சைப் பாவம் பார்த்துக் கண்மாயிலோ கோயில் குளத்திலோ விடுவது ஊருக்கே செய்யும் தீங்கு.

திராட்சைத் தோட்டக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. போர்டோ கலவையில் உள்ள மயில்துத்தம் மீனுக்கு நஞ்சு. காற்று குட்டைப் பக்கம் அடிக்கும்போது மருந்து அடிக்க வேண்டாம், தெளிப்பானைக் குட்டையில் கழுவவும் வேண்டாம்.

பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மீன் வளர்ப்புக்குப் பொதுப் பிரிவினருக்கு 40 சதவிகிதமும், பெண்கள் மற்றும் பட்டியல், பழங்குடியினருக்கு 60 சதவிகிதமும் மானியம் என்ற முறை இருக்கிறது. வைகை அணையில் உள்ள மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில், அந்த ஆண்டு எந்த இனத்துக்கு நிதி இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளலாம். காமாட்சிபுரம் சென்டெக்ட் வேளாண் அறிவியல் மையத்திலும் ஆலோசனை பெறலாம். போகும்போது சிட்டா, அடங்கலோடு குட்டையின் நீள, அகல, ஆழத்தையும், மூன்று வீச்சு வலையில் வந்த பெரிய மீன், சிறிய மீன் எடையையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அந்த எடையைப் பார்த்தாலே, குட்டையை இறைக்க வேண்டுமா, விரால் விட்டாலே போதுமா என்று சொல்லிவிடுவார்கள்.