கல்லாவும் கணக்கும் ஒரே கையில் வேண்டாம்!

‘நம்ம ஊர்ப் பையன்தானே, அவனிடம் போய்க் கணக்குக் கேட்பதா?’ உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பல முறைகேடுகளுக்குக் கதவைத் திறந்துவிடுவதும் இதுதான்.

உரக்கடையில் ஒரே பணியாளர் பணம் வாங்கி, ரசீது போட்டு, கிடங்குச் சாவியையும் வைத்துக்கொண்டு, வங்கிக்கும் போய்வந்தால் தவறு நடந்தாலும் வெளியே தெரியாது. இன்றைய வசூலில் அவசரத்துக்குக் கொஞ்சம் எடுப்பார். நாளைய வசூலில் அதைச் சரிக்கட்டுவார். அடைக்க முடியாத அளவுக்கு ஓட்டை பெரிதானபிறகுதான் ஊருக்குத் தெரியும். அதற்குள் உறுப்பினர்களின் பங்குத்தொகை கரைந்திருக்கும்.

வேலையைப் பிரியுங்கள்

இரண்டே பணியாளர்கள் இருந்தாலும் வழி உண்டு. பணம் வாங்குபவர் ஒருவர், சரக்கு கொடுப்பவர் மற்றவர், வங்கிக் கணக்கை மாதந்தோறும் சரிபார்ப்பவர் ஓர் இயக்குநர் என்று பிரிக்கலாம். காசோலையில் இருவர் கையெழுத்து வேண்டும். தொகை எழுதாத காசோலையில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைக்கக் கூடாது. ரசீதுகளில் வரிசை எண் அச்சிட்டிருக்க வேண்டும். ரத்தான ரசீதும் புத்தகத்திலேயே இருக்க வேண்டும். அன்றாட வசூலை முழுவதுமாக வங்கியில் கட்டிவிட்டு, செலவுக்குத் தனியாகப் பணம் எடுப்பதே நல்லது.

மூட்டையை எண்ணுங்கள்

மாத ஆரம்பத்தில் 40 மூட்டை யூரியா இருப்பு, வந்தது 200, விற்றது 190 என்று வைத்துக்கொள்வோம். கிடங்கில் 50 இருக்க வேண்டும். எண்ணும்போது 44 இருந்தால் 6 மூட்டை குறைகிறது. மூட்டை 266.50 ரூபாய் வீதம் 1,599 ரூபாய். பி.ஓ.எஸ். கருவி காட்டும் இருப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். விற்பனையைப் பதிய விட்டுப்போயிருக்கலாம், மூட்டை கிழிந்திருக்கலாம். எனவே, முதலில் காரணம் கேளுங்கள். எடுத்த எடுப்பில் பழி போட வேண்டாம். முன்கூட்டிச் சொல்லாமல், சரக்கைக் கையாளாத ஒருவர் எண்ணுவது முக்கியம்.

மக்காச்சோளக் கொள்முதலில் எடையும் ஈரப்பதமும் விவசாயியின் கண்முன்னே பார்க்கப்பட வேண்டும். எடைச்சீட்டின் ஒரு பிரதி அவர் கைக்கும், பணம் நேராக அவரது வங்கிக் கணக்குக்கும் போக வேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை அவசியம்.

கேட்பது உங்கள் உரிமை

உற்பத்தியாளர் நிறுவனம் தன் கணக்குகளைப் பட்டயக் கணக்காளரைக் கொண்டு உள்தணிக்கை செய்ய வேண்டும் என்கிறது 2013-ம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம். ஆண்டுப் பொதுக்குழுவுக்கு 14 நாள்கள் முன்பாவது அறிவிப்பு அனுப்ப வேண்டும். தணிக்கை செய்த கணக்கும் அதோடு வர வேண்டும். அடுத்த கூட்டத்தில் உறுப்பினர்கள் மூன்று கேள்விகள் கேட்கலாம். கடைசியாக இருப்பை எண்ணியது எப்போது? எண்ணியது யார்? உள்தணிக்கையாளர் சுட்டிக்காட்டிய குறைகள் சரிசெய்யப்பட்டனவா?

இது யாரையும் சந்தேகப்படுவதல்ல. கணக்கு சரியாக இருந்தால், நாளை யாராவது வீண்பழி சுமத்தும்போது நேர்மையான பணியாளரைக் காப்பாற்றுவதும் அந்தக் கணக்கேதான்.