நிறத்தைக் கேட்காத கணக்கு



கணினிக்கு நிறம் தெரியாது, சாதி தெரியாது, ஆகவே அது நடுநிலையானது என்று சொல்கிறார்கள். இந்தக் கூற்றைச் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வை இங்கே விளக்க விரும்புகிறேன்.

2019இல் 'சயின்ஸ்' ஆய்விதழில் வெளியான கட்டுரை அது. எழுதிய நால்வரில் மருத்துவர் சியாட் ஓபர்மேயரும், இந்தியச் சிற்றூர் ஒன்றில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்கா சென்ற பொருளியலாளர் செந்தில் முல்லைநாதனும் உண்டு. அமெரிக்க மருத்துவத் துறையில் பயன்பாட்டிலிருந்த ஒரு மென்பொருளை அவர்கள் ஆராய்ந்தார்கள். நோயாளிகளில் யாருக்குக் கூடுதல் கவனிப்புத் தேவை என்று மதிப்பெண் போடுவது அதன் வேலை.

நோயாளியின் இனம் என்ன என்று அந்த மென்பொருள் கேட்கவே இல்லை. ஆனாலும் ஒரே மதிப்பெண் பெற்ற கறுப்பரையும் வெள்ளையரையும் ஒப்பிட்டால், கறுப்பரே அதிகம் நோயுற்றிருந்தார்கள்.

காரணம் இதுதான். யாருக்கு நோய் அதிகம் என்பதற்குப் பதிலாக, யாருக்கு மருத்துவச் செலவு அதிகமாகும் என்பதையே மென்பொருள் கணித்தது. செலவு நோயை மட்டும் காட்டுவதில்லை. மருத்துவரிடம் போக முடிந்ததா, போனபோது உரிய சிகிச்சை கிடைத்ததா என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. அதே அளவு நோயிருந்தும் கறுப்பருக்கு ஆண்டுக்குச் சுமார் 1,800 டாலர் குறைவாகவே செலவாகியிருந்தது. அவர்களுக்குக் கிடைக்காமல் போன மருத்துவத்தை, அவர்களுக்குத் தேவைப்படாத மருத்துவம் என்று இயந்திரம் எடுத்துக்கொண்டது.

கூடுதல் கவனிப்புக்குத் தானாகத் தேர்வானவர்களில் கறுப்பர் 17.7 விழுக்காடு. பாகுபாடு இல்லாதிருந்தால் அது 46.5 விழுக்காடாக இருந்திருக்கும். செலவோடு உடல்நிலையையும் சேர்த்துக் கணித்தபோது பாகுபாடு 84 விழுக்காடு குறைந்தது.

நமக்கு இதில் பாடம் உண்டு. படிவத்திலிருந்து சாதிப் பத்தியை நீக்கினால் சாதி நீங்கிவிடாது. தெருப் பெயர், அஞ்சல் குறியீட்டு எண், தந்தையின் தொழில் என்று வேறு பத்திகளில் அது உட்கார்ந்திருக்கும். ஊரும் சேரியுமாகப் பிரிந்த நாட்டில் முகவரியே சாதிச் சான்றிதழ். சேரிக்குக் கடன் மறுத்த பழைய ஏடுகளைப் படித்துத் தேறிய இயந்திரம், சேரியிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு என்ன மதிப்பெண் போடும்?

இன்னொன்றும் உண்டு. நோயாளிகளின் இனம் தனியே பதிவாகியிருந்ததால்தான் ஆய்வாளர்களால் இந்த அநீதியை நிரூபிக்க முடிந்தது. சாதிவாரிக் கணக்கு இல்லாத இடத்தில் பாகுபாட்டுக்குச் சாட்சியும் இல்லை.

ஆகவே கடன், வேலை, நலத்திட்டம் எதுவானாலும் இயந்திரம் முடிவெடுக்கும் இடத்தில் நாம் கேட்க வேண்டியவை மூன்று. அது உண்மையில் எதை அளக்கிறது? யாருடைய பழைய ஏடுகளிலிருந்து கற்றது? அதன் முடிவுகள் சாதிவாரியாக வெளியிடப்படுமா?

ஜெய் பீம்.