முதலிடமும் நடத்தையும்

ஆண்டாப் ஹில் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் அண்மைக் காலமாக ஓயாமல் நடைபெற்றுவரும் பேச்சு மின்சார வண்டியைப் பற்றியதாகும். மும்பையில் பெட்ரோல் விலை 2021 மே மாத இறுதியில் லிட்டருக்கு நூறு ரூபாயைத் தாண்டிற்று. அன்று தொடங்கிய பேச்சு இது. பெட்ரோல் வண்டியா, மின்சார வண்டியா என்ற முதற் கேள்விக்குப் பெரும்பாலோர் விடை கண்டுவிட்டனர். எந்தக் கம்பெனியின் வண்டி என்ற இரண்டாம் கேள்வியில்தான் தந்தைக்கும் மகனுக்கும் வழக்கு மூளுகிறது. அவ்வழக்கு சென்ற திங்கள் நமது சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திற்கும் வந்து சேர்ந்தது.

“எது அதிகம் விற்கிறதோ அதை வாங்குக. இத்தனை இலட்சம் பேர் வாங்குகிறார்களே, அத்தனை பேருமா ஏமாளிகள்?” என்றார் ஓர் இளைஞர். “விற்பது வேறு, நடந்துகொள்வது வேறு, தம்பி” என்றார் மூத்த அன்பர் ஒருவர். விற்பனையில் முதலிடம் பெற்ற கம்பெனியை அந்த முதலிடத்தைக் கொண்டே நம்பலாமா என்பதே அன்றைய விவாதத்தின் சாரம். அதனை நமது வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

தாராவியிலிருந்து மித்தி ஆற்றைக் கடந்தால் பாந்திரா குர்லா வளாகம். அங்கே 2025 ஜூலை 15 அன்று அமெரிக்க நாட்டு டெஸ்லா கம்பெனி இந்தியாவில் தனது முதற் கடையைத் திறந்தது. அதில் விற்ற காரின் விலை ஏறத்தாழ அறுபது இலட்சம் ரூபாய். அது நமக்குக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கும் பொருள். நம் கைக்கு எட்டுவது ஸ்கூட்டர். ஆகவே நாம் ஆராய வேண்டிய வரலாறும் ஸ்கூட்டரின் வரலாறே. அது நமது சொந்த மண்ணில், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நிகழ்ந்தது.

மாங்கனிக்குப் பெயர் பெற்ற கிருஷ்ணகிரியில், போச்சம்பள்ளிக்கு அருகே, 500 ஏக்கர் பரப்பில் ஓலா எலெக்ட்ரிக் கம்பெனி தனது தொழிற்சாலையை எழுப்பியது. 2020 டிசம்பரில் தமிழ்நாட்டு அரசுடன் 2,400 கோடி ரூபாய்க்கு உடன்படிக்கை செய்துகொண்டது. முழு அளவில் இயங்கும்போது ஆண்டொன்றுக்கு ஒரு கோடி வண்டிகள் வெளிவரும் என்று கூறப்பட்டது. 2021 செப்டம்பரில் மற்றோர் அறிவிப்பும் வந்தது. அத்தொழிற்சாலையைப் பெண்களே நடத்துவர், பதினாயிரத்திற்கும் மேற்பட்ட பெண்களுக்கு அங்கே வேலை உண்டு என்பதே அது. பெங்களூரின் கட்டடங்களுக்குச் சிற்றாளாகச் சென்று செங்கல் சுமந்த குடும்பங்கள் நிறைந்த மாவட்டம் அது. அங்கே ஒரு பெண் சீருடை அணிந்து, அடையாள அட்டையுடன் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறுகிறாள் என்றால் அதன் அருமையைப் பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நாம் அறியாமலிருக்க முடியாது. செய்தியைப் படித்து மகிழ்ந்தவர்களில் நாமும் ஒருவர்.

ஆனால் வியாபாரம் தொடங்கிய முறையைச் சற்றே நோக்குவோம். 2021 ஜூலையில் 499 ரூபாய் கட்டி முன்பதிவு செய்யலாம் என்றார்கள். ஒரே நாளில் ஓர் இலட்சம் பேர் பதிவு செய்தனர் என்று பெருமையாக அறிவிக்கப்பட்டது. அப்போது வண்டியின் விலையே வெளியாகவில்லை! விலை தெரிந்தது ஆகஸ்டு 15 அன்று. வண்டிகள் வாங்குவோர் கைக்கு வரத் தொடங்கியதோ டிசம்பரில். இரயில்வேயில் பணிபுரியும் நமக்கு இது வியப்பளிப்பதில்லை. காத்திருப்போர் பட்டியல் நீண்டிருந்தால் அந்த வண்டிக்குக் கிராக்கி மிகுதி என்பது தெரியும். படுக்கை கிடைக்குமா, வண்டி நேரத்திற்கு ஊர் போய்ச் சேருமா என்பதைப் பட்டியல் சொல்லாது. அதற்குப் பார்க்க வேண்டிய பேரேடு வேறு.

முதலிடம் மெய்யாகவே வந்தது. அதை மறுப்பாரில்லை. 2024 ஏப்ரலில் இந்நாட்டில் பதிவான மின்சார இருசக்கர வண்டிகளில் ஏறத்தாழப் பாதி ஓலாவின் வண்டிகள். அவ்வாண்டு ஆகஸ்டு 9 அன்று அதன் பங்குகள் 76 ரூபாய் விலையில் பங்குச் சந்தைக்கு வந்தன. இரண்டு வாரங்களுக்குள் 157 ரூபாயைத் தொட்டன. வாழ்நாளில் பங்குச் சந்தையின் வாசலை மிதியாத சிலரும் அந்நாட்களில் கைப்பேசியில் விலை பார்த்துக்கொண்டிருந்ததை நாம் கண்டோம். அவ்வாண்டு முடியும் முன்னரே விலை 76-க்கும் கீழே இறங்கிவிட்டது.

நிற்க. நடத்தைக்கு வருவோம்.

2022 மார்ச்சில் புனே நகரில் ஒரு வண்டி தெருவில் தீப்பற்றி எரிந்தது. அடுத்த மாதம் 1,441 வண்டிகளைச் சோதனைக்காகக் கம்பெனி திரும்ப அழைத்தது. புதிய தொழிலில் இத்தகைய விபத்து நேர்வதுண்டு. அழைத்துச் சோதித்ததை நாம் குறை கூறமாட்டோம்.

அடுத்தது சார்ஜர் விவகாரம். மைய அரசின் மானியம் அப்போது குறிப்பிட்ட விலைக்கு உட்பட்ட வண்டிகளுக்கே உரியதாக இருந்தது. சார்ஜரைத் தனிப்பொருளாகக் கணக்குக் காட்டினால் வண்டியின் விலை அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். சார்ஜர் இல்லாத மின்வண்டி திரியில்லாத விளக்கு என்பதை அறியாதவர் உண்டோ? அரசு தலையிட்டபின், 2023 மே மாதத்தில், அவ்வாறு வாங்கிய பணத்தைத் திருப்பித் தரக் கம்பெனிகள் இசைந்தன. ஓலாவின் கணக்கு ஏறத்தாழ 130 கோடி ரூபாய். கூட்டத்தில் ஓர் அன்பர் இதைச் சொல்லி ஓலாவைச் சாடியபோது, நேர்மையின் பொருட்டு நாம் ஒன்றைச் சொல்ல வேண்டியதாயிற்று: ஏதர், டி.வி.எஸ்., ஹீரோ ஆகியவையும் அப்பட்டியலில் இருந்தன. முதலிடத்தான் ஒருவன் மட்டும் செய்த செயலன்று அது.

ஆனால் மூன்றாவது விவகாரம் முதலிடத்தானுக்கே உரியது. 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்டு வரை ஓராண்டில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஓலா வண்டிகளைப் பற்றி வந்த முறையீடுகள் 10,644. அவற்றுள் 3,389 சர்வீஸ் தாமதம் பற்றியவை. 1,899 வண்டி வந்து சேரும் தாமதம் பற்றியவை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் விளக்கம் கேட்டு அறிக்கை அனுப்பியது. 99.1 விழுக்காடு முறையீடுகளைத் தீர்த்துவிட்டோம் என்று கம்பெனி விடையளித்தது. மூன்றில் இரு பங்கு சிறு குறைகளே என்று அதன் தலைவர் பவீஷ் அகர்வால் கூறினார். தளர்ந்த உதிரிப் பாகங்கள், மென்பொருள் பழக்கமின்மை முதலியன அவையாம்.

“சிறு குறை” என்ற சொல்லிடத்துச் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. நமது சங்கத்தைச் சார்ந்த ஓர் இளைஞர் விடியற்காலையில் இட்லிப் பாத்திரத்தை மின்வண்டியில் ஏற்றி மாட்டுங்காவுக்கும் வடாலாவுக்கும் கொண்டு செல்பவர். அவருடைய வண்டி ஒரு சிறிய பாகத்திற்காகப் பதினேழு நாட்கள் சர்வீஸ் கொட்டகையில் கிடந்தது. எந்தக் கம்பெனியின் வண்டி என்பதை ஈண்டுக் குறிப்பிட விரும்பவில்லை. குறிப்பிட்டுப் பயனும் இல்லை. பாகம் சிறியதுதான். பதினேழு நாள் வருவாய் சிறியதன்று. அதற்கிடையில் வண்டிக் கடனின் மாதத் தவணையும் தவறாமல் வந்து நின்றது. அவ்வண்டி விற்பனைக் கணக்கில் ஒன்று என்று ஏற்கெனவே ஏறிவிட்டது. கொட்டகையில் கிடந்த பதினேழு நாட்களுக்காக அந்த ஒன்று கழிக்கப்படவில்லை. வாங்கிய நாளில் எண்ணுவதே விற்பனைக் கணக்கு. அதற்குப் பிந்திய நாட்களை அது எண்ணுவதில்லை. இளைஞர்கள் இதனை நன்கு சிந்திக்க வேண்டுகிறோம்.

அந்த விற்பனைக் கணக்கிலும் ஒரு சிக்கல் நேர்ந்தது. 2025 பிப்ரவரியில் 25,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் விற்றதாகக் கம்பெனி அறிவித்தது. அரசின் வாகனப் பதிவேட்டில் அம்மாதம் ஏறியவையோ ஒன்பதாயிரத்திற்கும் குறைவு. பதிவு வேலையைச் செய்துவந்த நிறுவனங்களுடன் ஒப்பந்தத்தை மாற்றி அமைப்பதால் பதிவில் தற்காலிகத் தேக்கம் என்று விளக்கம் கூறப்பட்டது. இருக்கலாம். ஆனால் பார்சல் அலுவலகத்தில் இருந்து பழகியவர்க்கு ஒன்று தெரியும். அனுப்பிய ஊரின் ஏட்டில் நூறு மூட்டை என்றும், வந்து சேர்ந்த ஊரின் ஏட்டில் முப்பத்தைந்து மூட்டை என்றும் இருந்தால், விளக்கம் வரும்வரை மேலதிகாரி உறங்கமாட்டார். மும்பை கிழக்குப் பதிவு அலுவலகம் வடாலா டிரக் டெர்மினலில்தான் இருக்கிறது. எம்.எச். 03 என்ற எண் பலகை அங்கேதான் பிறக்கிறது. நம்மைப் பொறுத்தவரை, எண் பலகை மாட்டிய வண்டியே விற்ற வண்டி.

அதற்கு முன்பே, 2025 ஜனவரியில், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி ஓர் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருந்தது. கடைகளின் எண்ணிக்கையை 4,000 ஆக்கப்போகும் செய்தியைச் சந்தைக்குத் தெரிவிப்பதற்குச் சில மணி நேரம் முன்னரே தலைவர் சமூக வலைத்தளத்தில் வெளியிட்டுவிட்டார் என்பதே குற்றச்சாட்டு. கடைகள் பெருகியபின், வணிகச் சான்று இல்லாத கடைகள்மீது மகாராஷ்டிரப் போக்குவரத்துத் துறை நடவடிக்கை எடுத்தது. முறையீடுகள் சர்வீஸைப் பற்றி வந்துகொண்டிருந்த வேளையில் கடைகளைப் பெருக்குவதில் இத்துணை வேகம் ஏன் என்று கூட்டத்தில் ஓர் அம்மையார் கேட்டார். புதிய கடைகளிலும் சர்வீஸ் வசதி உண்டு என்று கம்பெனி சொன்னதை ஒருவர் எடுத்துக் காட்டினார். “சொன்னது சரி, ஆள் இருந்தாரா?” என்றார் அம்மையார். அவை சிரித்தது.

இங்கே மூத்த அன்பர் ஒருவர் எழுந்து, நமது உள்ளத்தைத் தொடும் ஒரு தடையை எழுப்பினார். “தமிழ்நாட்டில் அமைந்த தொழிற்சாலை. நம் பெண்கள் உழைக்கும் இடம். வேற்றூரில் வாழும் நாமே அதைத் தூற்றினால் அவர்களுடைய சோற்றில் மண் விழாதா?” நியாயமான கவலை. ஆயினும் அப்பெண்கள் பூட்டிய வண்டியில் குறை என்று நாம் சொல்லவில்லை. உதிரிப் பாகம் கொட்டகைக்கு வந்து சேராமைக்கும், கடைக்குச் சான்று இல்லாமைக்கும், அறிவிப்பு முந்திக்கொண்டமைக்கும் கிருஷ்ணகிரிப் பெண் பொறுப்பாளி அல்லள். ஆனால் வாங்குவோர் விலகினால் முதலில் வேலை இழப்பவள் அவளாகவே இருக்கக்கூடும். அந்தப் பெண்ணின் நலனைக் கருதுவோர் மௌனம் காப்பதைவிட முறையிடுவதே தகும் என்பது நமது கருத்து.

மேலும், தமிழ்நாட்டின் பெருமை அந்த ஒரு தொழிற்சாலையோடு முடிவதுமில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்த ஓசூரிலேதான் டி.வி.எஸ். தொழிற்சாலையும் ஏதர் தொழிற்சாலையும் இருக்கின்றன. 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச்சு வரையிலான நிதியாண்டில் ஓலாவே ஏறத்தாழ 3,44,000 வண்டிகளுடன் முதலிடத்தில் இருந்தது. எனினும் அந்த ஆண்டின் இடையிலேயே, 2024 டிசம்பரில், பஜாஜ் அதனை மாத விற்பனையில் முந்திவிட்டது. 2025 ஏப்ரலில் டி.வி.எஸ். முதலிடத்தைப் பிடித்தது. 2025 நாட்காட்டி ஆண்டு முழுமைக்கும் அதுவே முதல்வன். பாதிச் சந்தையைக் கையில் வைத்திருந்த கம்பெனி ஓராண்டுக்குள் முதலிடத்தை இழந்தது. உலகச் சந்தையிலும் இதே காட்சிதான். பாட்டரியால் மட்டுமே ஓடும் கார்களில் டெஸ்லாவை 2025-ல் சீனத்து பி.ஒய்.டி. முந்தியது.

டி.வி.எஸ். என்றவுடன் மதுரைப் பக்கத்து முதியோர் சிலருக்கு முகம் மலர்ந்தது. சுந்தரம் அய்யங்கார் 1911-ல் பேருந்துத் தொழிலைத் தொடங்கிய கதையும், பேருந்து வரும் நேரத்தைக் கொண்டு கடிகாரத்தைத் திருத்திக்கொண்ட கதையும் வெளிவந்தன. கேட்க இனிமையாகவே இருந்தது. ஆனால் பாட்டன் காலத்துப் பேருந்து பேரனின் ஸ்கூட்டருக்குச் சர்வீஸ் செய்யாது! சார்ஜர் பணத்தைத் திருப்பித் தந்தோர் பட்டியலில் அக்கம்பெனியும் இருந்ததை முன்பே குறித்தோம். இன்றைய முதல்வனையும் அதே அளவுகோலால் அளக்க வேண்டும்.

அளப்பது எப்படி என்று இளைஞர் கேட்டார். கடைக்குப் போகுமுன் சர்வீஸ் கொட்டகைக்குப் போகுமாறு சொன்னோம். அங்கே எத்தனை வண்டிகள் புழுதி படிந்து நிற்கின்றன, எத்தனை நாட்களாக நிற்கின்றன என்பதை நிற்கும் வண்டிக்காரரிடமே கேட்கலாம். ஒரு காலைப் பொழுது போதும். பாட்டரிக்குத் தரும் உத்தரவாதம் எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர் என்பதை எழுத்தில் பெற வேண்டும். நமது பகுதியில் வேறொரு தொல்லையும் உண்டு. பல குடும்பங்களுக்கு வண்டி நிறுத்த இடமுமில்லை, கீழே மின் இணைப்பும் இல்லை. குவார்ட்டர்ஸில் இருப்போரும் சொசைட்டியில் இருப்போரும் முன்னதாகவே எழுத்து மூலம் அனுமதி பெறுதல் நலம். பாட்டரியைக் கழற்றி மேலே கொண்டு வருவோர், குழந்தைகள் உறங்கும் ஒற்றை அறையில் இரவு முழுதும் அதற்கு மின்சாரம் ஏற்றும் பழக்கத்தை அறவே விட வேண்டும்.

குறை நேர்ந்தால் முறையிட 1915 என்ற எண் இருக்கிறது. அங்கே பதினேழு மொழிகளில் பேசலாம். தமிழும் அவற்றுள் ஒன்று. அதிலும் தீராவிடில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். கொடுத்த விலை ஐந்து இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்கியவர் தாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். ஊருக்குப் போயிருந்தபோது கிருஷ்ணகிரியிலோ திருநெல்வேலியிலோ வண்டி வாங்கி இங்கே கொண்டுவந்தவரும் மும்பையிலேயே மனுக் கொடுக்கலாம் என்பதைச் சென்ற கூட்டத்திற்கு வர இயலாத அன்பர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்.