நாயுடன் ஓட்டப் பயிற்சி: அது தானாக நிற்காது, நீங்கள்தான் நிறுத்த வேண்டும்!

காவலர் தேர்வுக்கும் ராணுவ ஆள்சேர்ப்புக்கும் தயாராகும் இளைஞர்கள் விடியற்காலையில் ஏரிக்கரையிலும் வண்டிப்பாதையிலும் ஓடுவதை இன்று பல கிராமங்களில் பார்க்கலாம். அவர்களில் சிலருடன் வீட்டு நாயும் ஓடுகிறது. அதன் கழுத்தில் ஒரு பட்டை, அதிலிருந்து ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனை ஓடுபவரின் கையில்.

ஒரு சித்திரை மாதம் கள ஆய்வுக்குப் போயிருந்தபோது, ஓர் இளைஞர் தன் சிப்பிப்பாறை நாயைத் தோளில் தூக்கிக்கொண்டு பம்புசெட்டை நோக்கி ஓடி வந்தார். அப்போது காலை எட்டு மணிதான். போகும்போது முன்னால் இழுத்துக்கொண்டு ஓடிய நாய், திரும்பும் வழியில் கால் பின்னிச் சரிந்துவிட்டது. உடனே தண்ணீர் கிடைத்ததால் பிழைத்தது. ‘முடியலைன்னா அதுவே நின்னிருக்குமே சார்’ என்றார் அவர். இந்த எண்ணம்தான் ஆபத்தானது. எசமான் ஓடும்வரை நாயும் ஓடும். களைப்பைக் கண்டுபிடித்து நிறுத்த வேண்டியது உங்கள் பொறுப்பு.

முறையாகப் பழக்கினால் இது இருவருக்கும் நல்ல உடற்பயிற்சி. ஐரோப்பிய நாடுகளில் இதற்குக் ‘கேனிகிராஸ்’ என்று பெயர். பனியில் சறுக்குவண்டி இழுக்கும் நாய்களுக்குப் பனி இல்லாத மாதங்களில் கொடுத்த பயிற்சி, பிறகு தனி விளையாட்டாக வளர்ந்தது. நாய் முன்னால் ஓடும். ஓடுபவரின் இடுப்புப் பட்டையும் நாயின் நெஞ்சுப் பட்டையும் ஒரு நெகிழ் கயிற்றால் இணைக்கப்பட்டிருக்கும். அது குளிர்நாட்டு விளையாட்டு என்பதை மறக்கக் கூடாது. அங்கேயே வெயில் ஏறினால் போட்டித் தூரத்தைக் குறைப்பார்கள், அல்லது போட்டியையே ரத்து செய்வார்கள். நம் ஊருக்கு ஏற்றபடி இதை எப்படிச் செய்வது என்று பார்க்கலாம்.

எந்த நாய் ஓடலாம்?

பல் போடாத காளைக் கன்றின் கழுத்தில் யாரும் நுகத்தடி வைப்பதில்லை. நாய்க்கும் அதே கணக்குதான். குட்டியின் கால் எலும்பு நுனிகளில் உள்ள வளர்ச்சிப் பகுதி முழுதாக இறுகுவதற்கு முன் இழுத்து ஓடவிட்டால், கால் வளைவதற்கும் மூட்டு கெடுவதற்கும் வாய்ப்பு உண்டு. ஒரு வயது முடியும்வரை நடையும் விளையாட்டும் போதும். உயரமான, பெரிய உடல்வாகுள்ள நாய்களுக்கு ஒன்றரை வயது வரை பொறுத்திருங்கள். சினை நாய், பாலூட்டும் நாய், வயதான நாய், உடல் பருத்த நாய் ஆகியவற்றை ஓட்டத்துக்குப் பழக்க வேண்டாம். மூக்கு சப்பையான பக் போன்ற இனங்களுக்கு மூச்சுப் பாதையே குறுகியது. அவற்றுக்கு இந்தப் பயிற்சி கூடவே கூடாது.

சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் வேகத்துக்குப் பெயர் பெற்றவை. ஆனால், அவற்றின் வேகம் குறுகிய தூரத்துக்கானது. நெடுந்தூர ஓட்டத்துக்குப் படிப்படியாகத்தான் பழக்க வேண்டும். கண்ணில் பட்டதைத் துரத்தும் குணமும் அதிகம். முயல் குறுக்கிட்டால் உங்களையும் சேர்த்து இழுத்துவிடும். முயல் வேட்டைக்காக நாயைப் பழக்குவது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றத்தில் போய் முடியும்; அந்த எண்ணமே வேண்டாம். ராஜபாளையம் நாய்களில் சில பிறவியிலேயே காது கேளாதவை. அப்படிப்பட்ட நாய் என்றால், குரலுக்குப் பதில் கயிற்றை மெதுவாகச் சுண்டுவதையே கட்டளையாகப் பழக்குங்கள்.

பயிற்சிக்கு முன் ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டி இதயம், மூட்டு, ரத்தசோகை ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம். வயல்வெளியில் ஓடும் நாய்க்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் தேவை. உண்ணிகள் பரப்பும் ரத்த நோய்கள் நம் பகுதியில் சாதாரணம். நன்றாக ஓடிய நாய் திடீரென்று பின்தங்கினால் அதைச் சோம்பல் என்று நினைத்து இழுக்காதீர்கள். ஈறு வெளுத்திருக்கிறதா, காய்ச்சல் அடிக்கிறதா என்று பாருங்கள்.

கழுத்துப் பட்டை வேண்டாம்

கழுத்துப் பட்டையுடன் இழுத்து ஓடும்போது, முழு விசையும் மூச்சுக்குழல் மேல் விழுகிறது. இரைப்பைத்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள நாய் நம்பியிருக்கிறது. அந்த வழியையே நாம் நெரிக்கிறோம். மேலும், சிப்பிப்பாறை, கன்னி நாய்களின் தலை ஒடுக்கமானது. பட்டை எளிதாகக் கழன்றுவிடும்.

கடைகளில் ‘ஹார்னஸ்’ என்று கேட்டால் நெஞ்சுப் பட்டை கிடைக்கும். வாங்கும்போது நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

1. முன்பக்கத்தில் பட்டை ‘ஒய்’ வடிவில் நெஞ்செலும்பின் மேல் படிய வேண்டும். தொண்டையில் ஏறக் கூடாது.

2. தோள்பட்டைக்குக் குறுக்கே போகும் பட்டை முன்கால் வீச்சைத் தடுக்கும். அந்த வகை வேண்டாம்.

3. பட்டைக்கும் உடலுக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். அதற்கு மேல் தளர்ந்தால் உரசும்.

4. முன்னங்கால் இடுக்கில் படும் இடம் மென்மையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அங்கே முடி உதிர்ந்திருக்கிறதா, சிவந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பட்டையையும் உங்களையும் இணைக்கும் கயிறு சுமார் இரண்டு மீட்டர் இருக்கட்டும். இடையில் நெகிழும் பகுதி இருந்தால் குலுக்கல் இருவர் உடம்புக்கும் போகாது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு ஓடாதீர்கள். ஒரே இழுப்பில் விரல் முறியலாம். அகலமான இடுப்புப் பட்டையில் மாட்டி, அது முதுகில் ஏறாமல் இடுப்பெலும்பில் நிற்கும்படி கட்டுங்கள். அவசரத்தில் ஒரே இழுப்பில் கழற்றும்படியான கொக்கி அவசியம்.

எட்டு வாரப் பயிற்சி

புதுக் காளையை ஏருக்குப் பழக்கும்போது எடுத்தவுடன் உழவில் விடுவதில்லை. முதலில் நுகத்தடியைப் பழக்கி, பிறகு வெறுமனே நடக்கவிட்டு, அதன் பின்தான் சுமையைக் கூட்டுவோம். இங்கும் அந்த வரிசைதான்.

முதல் வாரம்: வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் நெஞ்சுப் பட்டையை மாட்டுங்கள். பட்டை வந்தால் நல்லது நடக்கும் என்று நாய் புரிந்துகொள்ளட்டும்.

இரண்டாம் வாரம்: கயிற்றை இணைத்து 20 நிமிடம் நடை. ‘போ’, ‘நில்’, ‘வலது’, ‘இடது’, ‘விடு’ ஆகிய ஐந்து சொற்களைப் பழக்குங்கள். திரும்புவதற்குச் சற்று முன்னதாகச் சொல்ல வேண்டும். சரியாகத் திரும்பியதும் பாராட்ட வேண்டும். வீட்டில் எல்லோரும் இதே சொற்களைப் பயன்படுத்துங்கள். ‘நில்’ பழகாத நாயுடன் ஓடவே கூடாது.

மூன்றாம், நான்காம் வாரம்: ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி ஐந்து சுற்று.

ஐந்தாம், ஆறாம் வாரம்: மூன்று நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஐந்து சுற்று.

ஏழாம், எட்டாம் வாரம்: பத்து நிமிடம் ஓட்டம், மூன்று நிமிடம் நடை, மீண்டும் பத்து நிமிடம் ஓட்டம்.

வாரம் மூன்று நாள் போதும். இடையில் ஒருநாள் ஓய்வு கட்டாயம். தொடக்கத்தில் ஐந்து நிமிடமும் முடிவில் ஐந்து நிமிடமும் நடக்க வேண்டும். நீங்கள் தினமும் ஓட வேண்டியிருந்தால் மற்ற நாள்களில் தனியாக ஓடுங்கள். தேர்வுக்கான வேகப் பயிற்சிக்கு நாயை அழைத்துப் போகாதீர்கள். அன்று உங்கள் கண் கடிகாரத்தில் இருக்கும். நாயின் மேல் இருக்காது.

ஓடுவதற்கு இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு முன் தீனி கொடுக்கக் கூடாது. ஓடி முடித்தும் ஒரு மணி நேரம் கழித்தே கொடுங்கள். நெஞ்சு ஆழமான நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். தண்ணீரை மட்டும் ஓடுவதற்கு முன்பும், இடையிலும், பின்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

வெயில்தான் எதிரி

நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கிறது. நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் ஓரளவு வியர்வை. மற்றபடி இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. காற்றில் ஈரம் கூடினால் அதுவும் பலிக்காது. அதனால் மழை விட்ட புழுக்கமான காலையும் ஆபத்தானதுதான்.

விடியும் நேரத்தில் தொடங்கி, வெயில் ஏறுவதற்கு முன் வீடு திரும்பிவிடுங்கள். மாலையில் காற்று குளிர்ந்தாலும் தார்ச்சாலை சூட்டை வைத்திருக்கும். புறங்கையைச் சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. அக்னி நட்சத்திர நாள்களில் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, விடியற்காலை நடை மட்டும் போகலாம்.

நாக்கு அகலமாக விரிந்து தொங்குவது, இரைப்பு சத்தமாக மாறுவது, எச்சில் கெட்டியாவது, நிழலைப் பார்த்து ஒதுங்குவது, கயிறு தளர்வது ஆகியவை முதல் அறிகுறிகள். அங்கேயே நில்லுங்கள். ‘இன்னும் கொஞ்சம்தான், வீடு வந்துவிடும்’ என்று ஓடாதீர்கள். தள்ளாட்டம், வாந்தி, ஈறு அடர்சிவப்பாவது, கூப்பிட்டால் கவனிக்காமல் இருப்பது ஆகியவை தெரிந்தால் அது வெப்ப அயர்ச்சி. நாயின் இயல்பான வெப்பநிலை 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். ஓடியதும் சற்று ஏறுவது வழக்கம்தான். 106-ஐ நெருங்கினால் உயிருக்கு ஆபத்து.

அப்போது முதல் வேலை குளிர்விப்பது. மருத்துவமனை அதற்கு அடுத்ததுதான். நிழலுக்குக் கொண்டுபோய்ப் பட்டையைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றுங்கள். பம்புசெட்டுத் தொட்டி அருகில் இருந்தால் தலையை மேலே தாங்கிப் பிடித்து இறக்கலாம். விசிறிவிடுங்கள். ஈரச் சாக்கைப் போர்த்தி வைக்காதீர்கள். அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். நினைவு இருந்து தானாகக் குடித்தால் குடிக்கட்டும். வாயைத் திறந்து ஊற்றினால் புரையேறும். பிறகு உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். எழுந்து வாலை ஆட்டினாலும் காட்டத்தான் வேண்டும். சிறுநீரகப் பாதிப்பும் ரத்தக்கசிவும் பல மணி நேரம் கழித்துத் தெரியலாம்.

வயல்வழியில் கவனம்

வண்டிப்பாதையும் ஏரிக்கரையும் பாதத்துக்கு நல்லவை. ஆனால், நெருஞ்சியும் சீமைக்கருவேல முள்ளும் உண்டு. ஓடி முடித்ததும் விரல் இடுக்குகளைப் பாருங்கள். மருந்து தெளித்த வயலின் வரப்பில் ஓடவோ, அந்த வாய்க்காலில் தண்ணீர் குடிக்கவோ விடாதீர்கள். எலிக்கு மருந்து வைத்த வயல் எது என்று பக்கத்து விவசாயிகளிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். காட்டுப்பன்றிக்காகச் சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சிய வேலிகளில் மனிதர்களே இறந்திருக்கிறார்கள். பழகாத தோட்டத்துக்குள் இருட்டில் நுழைய வேண்டாம். பாம்பு தெரியும் அளவுக்கு வெளிச்சம் வந்த பிறகு தொடங்குவதே நல்லது.

தெருநாய்கள் நெருங்கினால் ஓடாமல் நின்று, உங்கள் நாயைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கடிபட்டால் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். நாய்க்குக் கடிபட்டிருந்தால், ஏற்கெனவே தடுப்பூசி போட்டிருந்தாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பயிற்சியைத் தொடங்கும் முன் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தின் தொலைபேசி எண்ணையும், கால்நடை அவசர ஊர்தி எண்ணான 1962-ஐயும் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். நாளைக் காலை ஓடப் போவதற்கு முன் ஒரு தண்ணீர்ப் பாட்டிலை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். வழியில் கயிறு தளர்ந்தால், மறுபேச்சில்லாமல் நடக்கத் தொடங்குங்கள்.